விற்பதா, மாற்றிக்கொள்வதா?

2022 ஆகஸ்டில், மிக்கி மேண்டல் என்ற அமெரிக்க பேஸ்பால் வீரரின் 1952ஆம் ஆண்டு டாப்ஸ் அட்டை 1 கோடியே 26 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. விளையாட்டு அட்டை சேர்ப்பதைச் சிறுபிள்ளைத்தனம் என்று கேலி செய்த நண்பர்கள், இப்போது "உன் அட்டை என்ன விலை போகும்?" என்று கேட்கின்றனர். என்னைக் கேட்டால், கேலியே மேல்!

அஞ்சலில் எனக்கு வரும் அட்டைகள் பெரிய விலை போகாதவை. என்னிடம் இரண்டாக இருப்பதை நான் அனுப்ப, எனக்கு இல்லாததை வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் அனுப்புவார். ஒப்பந்தம் கிடையாது, அவர் ஏமாற்றினால் கேட்க நாதியில்லை. ஆனாலும் உறை வருகிறது. நெகிழி உறையிலிட்டு, இரு காகித அட்டைகளுக்கிடையே வைத்து, பிரிப்பதற்கு எளிதாக ஒட்டுநாடாவின் முனையையும் மடித்திருப்பார். சில வேளைகளில், நான் கேட்காத அட்டை ஒன்றும் கூடவே இருக்கும்.

விற்றால் பணம் கைமாறியதும் உறவு முடிந்துவிடும். மாற்றிக்கொண்டால், அடுத்த முறை நாமும் ஒன்று கூடுதலாக அனுப்பத் தோன்றும். முகம் தெரியாதவரை நம்பவும், அவர் நம்பிக்கையைக் காக்கவும் இதைவிட மலிவான பயிற்சி ஏது?

நண்பர்களே, உங்களிடம் இரண்டாக இருக்கும் அட்டையை விற்றுவிடாதீர்கள். இல்லாத ஒருவருக்கு அனுப்பிப் பாருங்கள்.