குடியை விடணும்னு முடிவு பண்ணியாச்சு... பொத்தேரியில இருந்து எங்கே போறது?

2024 ஆகஸ்ட் கடைசியில் பொத்தேரி திடீர்னு தலைப்புச் செய்தி ஆச்சு. மாணவர்கள் அதிகம் தங்கியிருக்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், சுமார் ஆயிரம் போலீஸார் இறங்கி கஞ்சா சோதனை நடத்தினார்கள். கைது, பறிமுதல், டிவி விவாதம்னு சில நாள்கள் ஒரே பரபரப்பு.

அதே ஏரியாவில், அதே வயசுப் பசங்களிடம் இருக்கும் இன்னொரு பழக்கத்துக்கு இப்படி ரெய்டு வராது. ஏன்னா, மது சட்டப்படி விற்கப்படும் பொருள். தமிழ்நாட்டில் 21 வயசு ஆகியிருந்தால் வாங்கலாம். 2003-லிருந்து சில்லறை விற்பனையே அரசின் டாஸ்மாக் கையில்தான். கஞ்சான்னா போலீஸ் நம்மைத் தேடி வரும். குடின்னா உதவியை நாமதான் தேடிப் போகணும். அந்தத் தேடலில்தான் பலர் பாதியிலேயே நின்னுடுறாங்க.

38 பேரில் ஒருத்தர்

எய்ம்ஸ் மருத்துவமனை மத்திய அரசுக்காக நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2019-ல் வெளியானது. இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள், அதில் 5.7 கோடிப் பேருக்கு உதவி தேவை என்றது அது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180-ல் ஒருவர்.

மத்தவங்க ஏன் போகலை? 'நான் ஒண்ணும் அவ்ளோ பெரிய குடிகாரன் இல்லையே'ங்கிற எண்ணம் ஒரு காரணம். பி.ஜி-யில் தங்கிப் படிக்கிறவங்களுக்கு காலேஜுக்குத் தெரிஞ்சிடுமோ, ஊர்ல அம்மாவுக்குப் போன் போயிடுமோங்கிற பயம். 'மறுவாழ்வு மையம்'னாலே பூட்டிய அறைதான் ஞாபகம் வருது.

பேரே கேட்காத ஒரு குழு

இந்தப் பயங்கள் எதுவும் தேவைப்படாத இடம், 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. சுருக்கமா ஏ.ஏ. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும், பாப் ஸ்மித் என்ற டாக்டரும் தொடங்கியது. ரெண்டு பேருமே குடிநோயாளிகள். குடியால் அவதிப்பட்ட இன்னொருத்தர்கிட்ட மனசுவிட்டுப் பேசினால் அன்னைக்குக் குடிக்காமல் இருக்க முடியுதுன்னு அனுபவத்தில் கண்டுபிடிச்சாங்க.

கட்டணம் கிடையாது. முழுப்பெயர், முகவரி கேட்க மாட்டாங்க. குடியை நிறுத்தணும்ங்கிற ஆசை மட்டும்தான் தகுதி. மீட்டிங் சுமார் ஒரு மணி நேரம். ஒவ்வொருத்தரா தன் அனுபவத்தைச் சொல்வாங்க, மத்தவங்க குறுக்கே பேச மாட்டாங்க. 'இன்னிக்குக் கேட்க மட்டும் வந்தேன்'னு சொல்லிட்டு சும்மா உட்காரலாம். 'ஓப்பன் மீட்டிங்'னா ஃப்ரெண்டையும் கூட்டிட்டுப் போகலாம். 'க்ளோஸ்டு' என்றால் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும். கடவுள் பேச்சு வரும். ஆனா எந்த மதத்தோடும் தொடர்பில்லை. ஒரு குழு செட் ஆகலைன்னா இன்னொன்றைப் பார்க்கலாம்.

பலன் இருக்கா? 27 ஆய்வுகளையும் அதில் பங்கேற்ற 10,565 பேரையும் அலசிய காக்ரேன் அறிக்கை 2020-ல் வந்தது. ஏ.ஏ-வில் சேர்த்துவிடும் முறையான சிகிச்சைகள், குடியைத் தொடர்ந்து தொடாமல் இருக்க மற்ற கவுன்சலிங் முறைகளைவிட அதிகம் உதவின என்றது அது.

ஆஸ்பத்திரி மட்டும் போதாது

சென்னையில் சாந்தி ரங்கநாதன், குடிநோயால் கணவரை இழந்த பிறகு, 1980-ல் தொடங்கியதுதான் டி.டி.கே மருத்துவமனை. தமிழக அரசும் 2025 பிப்ரவரியில் 25 'கலங்கரை' போதை மீட்பு மையங்களைத் திறந்தது. ரெண்டுமே தேவை. ஆனா, வார்டில் இருப்பது சில நாள்கள், சில வாரங்கள். டிஸ்சார்ஜ் ஆனதும் அதே ரூம், அதே செட், அதே சனிக்கிழமை சாயங்காலம். 'மச்சி, ஒண்ணே ஒண்ணு' என்ற குரல் கேட்கும்போது போய் உட்கார ஓர் இடம் வேணும். குழு தருவது அதைத்தான்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது?

* ஏ.ஏ-வின் இந்திய இணையதளத்தில் மீட்டிங் விவரங்கள் இருக்கும். இடமும் நேரமும் மாறலாம். போன் பண்ணிட்டுக் கிளம்புங்க. தமிழா, இங்கிலீஷா, பெண்கள் வருவாங்களான்னு அப்போதே கேட்டுக்கலாம்.
* போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416.
* செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்கலாம்.
* தெரிஞ்சவங்க பார்த்துடுவாங்கன்னு தயக்கமா? எலெக்ட்ரிக் ட்ரெய்ன் ஏறி நாலு ஸ்டேஷன் தள்ளிப் போங்க. ஆன்லைன் மீட்டிங்கும் உண்டு.

ஒரு எச்சரிக்கை: தினமும் அதிகமாகக் குடிப்பவர் டாக்டரைக் கேட்காமல் திடீர்னு நிறுத்தக் கூடாது. கைநடுக்கத்தில் தொடங்கி வலிப்பு, மனக்குழப்பம் வரை போகலாம். முதல் சில நாள்களில் உயிருக்கே ஆபத்து உண்டு. முதலில் டாக்டர், பிறகு குழு.

இதில் கல்லூரிகளுக்கும் நகராட்சிக்கும் செய்ய ஒரு வேலை இருக்கு. ஏ.ஏ குழுக்கள் வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. செலவை உறுப்பினர்களே பார்த்துக்கிறாங்க. அவங்களுக்குத் தேவை வாரத்தில் ஒரு மாலை, ஒரு காலி அறை. கூடவே ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டில் கிழமை, நேரம், இடம்னு ஒரு வரி. ஆயிரம் போலீஸார் வந்து போன ஊரில் இதுக்கு ஒரு சாவியும் ஒரு பேப்பரும் போதும்.