அம்மாவின் இழுப்பறையில் தங்கம்

போன சனிக்கிழமை அம்மா வீட்டில் நகவெட்டியைத் தேடி இழுப்பறையைத் திறந்தேன். உள்ளே ஐந்து பழைய கைப்பேசிகள்!

“எதுக்கும்மா இதெல்லாம்?”

“உள்ள தங்கம் இருக்குன்னு நீதானே ரேடியோவுல சொன்னே!”

சொன்னது உண்மைதான். தங்கம், வெள்ளி, செம்பு, பல்லேடியம் எல்லாமே உள்ளே இருக்கின்றன. ஆனால், அவை அத்தனையும் திரும்பக் கிடைக்குமா என்பதை நான் சொல்லவில்லை. இந்த வாரம் அந்தக் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன்.

நெதர்லாந்தில் ஃபேர்ஃபோன் என்றொரு நிறுவனம் இருக்கிறது. அதன் ‘ஃபேர்ஃபோன் 2’ கைப்பேசியைச் சாதாரணத் திருப்புளியால் பாகம் பாகமாகக் கழற்றலாம். அதை எப்படி மறுபயனீடு செய்தால் நல்லது என்று ஆராய்ந்த அறிக்கை 2017ல் வெளிவந்தது. அந்த ஆய்வில் மார்கஸ் ராய்ட்டர், ஆன்ட்வானெட் வான் ஷைக் என்ற வல்லுநர்கள் முதலில் உலையை மூட்டவில்லை, கணினியைத்தான் திறந்தார்கள்.

அவர்கள் பயன்படுத்தியது, பின்லாந்தில் உருவான ‘ஹெச்எஸ்சி சிம்’ என்ற மென்பொருள். ஒரு தொழிற்சாலையையே திரையில் நடத்திப் பார்க்க அது உதவும். எந்த உலோகம் எத்தனை கிராம், உலையின் வெப்பம் எவ்வளவு, உயிர்வாயு எவ்வளவு என்று கொடுத்தால் போதும். எது உருகிய செம்போடு சேரும், எது கசடாகும், எது புகையோடு போகும் என்று ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குச் சொல்லிவிடும்.

மூன்று வழிகளை ஒப்பிட்டார்கள்: முழுசாக உருக்குவது, பாகங்களைக் கழற்றித் தனித்தனியே அனுப்புவது, துண்டு துண்டாக அரைப்பது. மொத்தத்தில் கழற்றி அனுப்புவதே சிறந்தது என்று தெரிந்தது. ஆனால், எந்த வழியிலும் எல்லாம் திரும்பவில்லை.

ஏன்? செம்பு உலையில் தங்கமும் வெள்ளியும் பல்லேடியமும் செம்போடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அலுமினியமும் டான்டலமும் உயிர்வாயுவோடு சேர்ந்து கசடாகிவிடும். என் குரலை உங்கள் காதில் சேர்க்கும் குட்டி ஒலிபெருக்கியின் காந்தத்தில் நியோடைமியம் இருக்கிறது. அதற்கும் அதே கதிதான். ஒன்றைக் காப்பாற்றப் போனால் இன்னொன்றை இழக்கிறோம். ஒலிப்பதிவுக் கூடத்தில் பேச்சையும் இசையையும் கலப்பது எளிது. கலந்ததைப் பழுதில்லாமல் பிரிப்பது பெரும்பாடு. உலோகமும் அப்படித்தான்.

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்னணுக் கழிவு சேர்கிறது. அதைச் சேகரித்து முறையாகக் கையாளும் பொறுப்பு 2021 ஜூலை முதல் உற்பத்தியாளர்களுக்கும் உண்டு. பழைய கைப்பேசியை நீல நிற மறுபயனீட்டுத் தொட்டியில் போடாதீர்கள். மின்கலன் நசுங்கினால் தீப்பிடிக்கலாம். தகவல்களை அழித்துவிட்டு, மின்னணுக் கழிவுக்கென்றே வைத்திருக்கும் தொட்டியில் போடுங்கள். இழுப்பறையில் கிடக்கும்வரை ஒரு கிராம்கூடத் திரும்பாது.

‘அதான் மறுபயனீடு இருக்கே’ என்று ஆண்டுக்கொரு கைப்பேசி மாற்றுவதும் சரியல்ல. கசடாகிப் போனதற்கு ஈடாக மறுபடியும் மண்ணைத்தான் தோண்டவேண்டும். கையில் இருப்பதை இன்னும் ஓரிரண்டு ஆண்டு கூடுதலாகப் பயன்படுத்தினால் அந்த இழப்பு தள்ளிப்போகும்.

அன்று மாலையே ஐந்தையும் தொட்டியில் சேர்த்தோம். “அப்படியே புதுசு ஒண்ணு வாங்கித் தாயேன், இதுல சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது” என்றார் அம்மா. கடைக்குக் கூட்டிப்போனேன்.

மின்கலனை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தோம். அம்மா இரண்டு நாளாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அதே கைப்பேசியில் அழைத்தார்: “சார்ஜ் நல்லாத்தான் நிக்குது.”