கால் புண்ணும் கர்மபலனும்

நமது நாட்டில் காய்ச்சல் வந்தால் மருந்து தேடுகிறார்கள். பல் வலித்தால் பிடுங்கிக் கொள்ளுகிறார்கள. காலுக்கு வந்த கஷ்டத்திற்கு மாத்திரம் “சனி காலைப் பிடித்தான்” என்று சொல்லி, ஒரு கருப்புக் கயிற்றைக் கட்டிவிட்டு உட்கார்ந்து கொள்ளுகிறார்கள். புண் ஆறாவிட்டால் பூர்வ ஜென்ம பாவம் என்கிறார்கள். சனி ஏன் செருப்பில்லாத காலையே அதிகமாய்ப் பிடிக்கின்றான் என்று ஒருவராவது கேட்டதுண்டா?

பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. உடம்பின் பாரம் பாதம் முழுவதும் பரவி நின்றால் தொந்தரவில்லை. அது குதிகாலிலோ பெருவிரலின் அடியிலோ குவிந்தால் அங்கே தோல் காய்க்கும், காய்ப்பின் அடியில் சதை நசுங்கும், பிறகு புண்ணாகும். பலகைமேல் நிற்பவனுக்கும் ஆணிமேல் நிற்பவனுக்கும் எடை ஒன்றுதானே! காலை அச்செடுத்துச் செய்யும் உள்ளங்கால் மெத்தை, அதாவது டாக்டர்கள் ஆர்த்தோட்டிக்ஸ் என்று சொல்லுவது, இந்தப் பாரத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கின்றது. வளைவுக்குத் தாங்கு கொடுத்து, புண்ணுக்கு நேரே பள்ளம் விடுவார்கள். இதில் மந்திரம் எங்கே இருக்கின்றது?

தொழுநோய் சங்கதியைப் பாருங்கள். அது ஒரு கிருமியால் வருவதென்று 1873-ல் நார்வே தேசத்து ஹான்சன் கண்டுபிடித்தார். அதற்குப் பின்னும் வெகுகாலம் வரை, அந்நோயாளியின் பாதம் தானாகவே அழுகிப் போகும் என்றே படித்தவர்களும் நம்பினார்கள். கொல்லிமலையில் 1914-ல் பிறந்து, 1946-ல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் என்பவர் அதை நம்பாமல் சோதித்துப் பார்த்தார். நோய் நரம்பைக் கெடுத்து வலியைப் போக்கி விடுகின்றது. வலி தெரிந்தவன் முள் குத்தினால் நொண்டுவான், நொண்டுவதாலேயே அவன் புண் ஆறும். வலி தெரியாதவனோ அதே புண்ணின்மேல் மறுநாளும் நடப்பான். காலைத் தின்றது பாவமல்ல, பாரம் என்பது வெளியாயிற்று.

பிறகு வேலூருக்கு அடுத்த கரிகிரியில், நுண்ணிய காற்றறைகள் நிறைந்த ரப்பரைக் கொண்டு செருப்புச் செய்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று ஆஸ்பத்திரிகளில் சொல்லுவது இதைத்தான். மேலே அமுங்கிக் கொடுக்கும் ரப்பர், கீழே முள் ஏறாத கெட்டி அடி, கழன்று விழாமலிருக்கக் குதிகாலுக்குப் பின்னே ஒரு வார். ஆணி மாத்திரம் அடிக்கக் கூடாது. ஆணி மேலே கிளம்பிக் குத்தினாலும் அந்தக் காலுக்குத் தெரியாதல்லவா? இவ்வளவு யோசனையும் எந்தச் சாஸ்திரத்திலிருந்து வந்தது? தோல் வேலை செய்பவன் கையும் டாக்டர் புத்தியும் ஒன்றாய் உட்கார்ந்ததால் வந்தது. அந்தக் கையைத்தான் தீட்டென்று ஊருக்கு வெளியே வைத்திருந்தார்கள்.

செருப்பு போடுவதே குற்றமாயிருந்த கதையையும் மறக்கலாகாது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் ஜில்லாவில் மேல்ஜாதி என்று சொல்லிக் கொண்டவர்கள் ஆதிதிராவிடருக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. வெயிலில் வேலை செய்பவன் காலை வெந்து போகச் செய்துவிட்டு, அது வெந்ததற்குக் காரணம் அவன் முன்ஜென்மம் என்று சொல்லும் யோக்கியதையை என்னவென்பது!

நிற்க, இன்று இந்த ஆபத்து தொழுநோயாளியோடு நிற்கவில்லை. சர்க்கரை வியாதி முற்றினவர்களுக்கும் பாதம் மரத்துப் போகின்றது. அப்படிப்பட்டவர்கள் வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாதென்பது வைத்திய விதி. ஆனால் நம் ஜனங்கள் வேண்டுதல் என்று தார் ரோட்டில் வெறுங்காலோடு நாள் கணக்காய் நடக்கிறார்கள். நடுப்பகலில் கல் பாவின பிராகாரத்தைச் சுற்றுகிறார்கள். கொப்புளம் கிளம்பினது தெரிவதில்லை. சீழ் வைத்த பிறகே தெரிகின்றது. சிலருக்குக் காலையே எடுக்கும்படியாகி விடுகின்றது. காலை இழந்தவன் கட்டைக்காலோடு வந்தால் அதையும் வாசலில் கழற்றி வைக்கச் சொல்லுவார்களா என்று கேட்கின்றோம்.

இதனால் விலை கூடின மெத்தைகளெல்லாம் சஞ்சீவி என்று நாம் சொல்லுவதாக யாரும் நினைக்க வேண்டாம். மந்திரவாதி போன இடத்தில் கோட்டுப் போட்ட மந்திரவாதி வந்து உட்கார்ந்திருக்கிறான். காலையில் எழுந்து வைக்கும் முதலடியில் குத்தும் குதிகால் வலிக்கு, அளவெடுத்த மெத்தையையும் கடையில் ஆயத்தமாய் விற்பதையும் 2006-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலியச் சோதனையில் 135 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூன்று மாதத்தில் இரண்டும் கொஞ்சம் உதவின. ஒரு வருஷத்தில் வெறும் பேருக்கு வைத்த மெத்தைக்கும் இவைகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆகையால் சாதாரணக் குதிகால் வலிக்காரர் கெண்டைக்கால் நரம்பை நீட்டிப் பழக்கி, மெத்தென்ற செருப்பாய்ப் போட்டுப் பார்த்த பிறகு பணப்பையைத் திறந்தால் போதும். பாதம் கோணினவருக்கும், மரத்துப் போனவருக்கும், ஒருதரம் புண் வந்து ஆறினவருக்குமே அளவெடுத்த செருப்பு அவசியம். அவர்கள் அதைப் போட்டுக்கொண்டு, தினம் இரவில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். காலையில் செருப்பைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுக் கல் முள் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். அதற்கு நல்ல நேரம் கெட்ட நேரம் இல்லை, இராகு காலத்திலும் செய்யலாம்.