அடைப்புக்குறிக்குள் ஓர் ஆசனம்

கணிதம் கற்பிப்போர்க்கு ஆண்டுதோறும் தவறாது வந்து சேரும் ஒரு நாள் உண்டு. உயர்தர வகுப்பிலே புதிதாய்ப் புகுந்த மாணவர்க்குச் சார்பு என்னும் பாடத்தைத் தொடங்கும் நாளே அது. அதுகாறும் சமன்பாடு, வரைபு எனத் தமக்குப் பழகிய தெருக்களிலே நடந்து வந்த பிள்ளைகள், அன்று கரும்பலகையிலே ஓர் எழுத்தையும் அதன் பக்கத்தே ஓர் அடைப்புக்குறியையும் காண்கின்றனர். சிலர் முகம் மலரும். பலர் முகம் வாடும். வாடும் முகங்களைப் பற்றியே இவ்வாரம் எழுத எண்ணினோம்.

வகுப்பிலே ஆங்கில எழுத்துகளால் எழுதப்படுவதை இங்கு நாம் தமிழ் எழுத்துகளால் எழுதுவோம். சார்புக்குச் 'சா' என்பது அடையாளம். மாறும் எண்ணுக்கு 'ம' என்பது அடையாளம். 'சா(ம)' எனக் கண்டால், 'ம என்னும் எண்ணுக்குச் சார்பு தரும் பெறுமானம்' என்று வாசித்துக்கொள்க. மாணவர் தம் குறிப்பேட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்க இஃது இடையூறாகாது.

சொல்லும் குறியும்

சுவிற்சர்லாந்து நாட்டிலே பிறந்த ஒயிலர் என்னும் கணித மேதை 1734 ஆம் ஆண்டளவில் இக்குறியீட்டைக் கையாளத் தொடங்கினார். ஓர் எழுத்து, அதன் அருகே அடைப்புக்குறி, அதனுள்ளே மாறி என்னும் இவ்வழக்கம் ஏறக்குறைய மூன்று நூற்றாண்டு கடந்தும் மாறவில்லை. 1755 இல் வெளிவந்த தமது நூலிலே, ஒரு கணியம் மாறும்போது அதனைச் சார்ந்து மற்றொன்றும் மாறுமாயின், பின்னையது முன்னையதன் சார்பு என்னும் கருத்துப்பட அவர் விளக்கம் கூறினார்.

நம் பிள்ளைகள் இதனைத் தமிழிலே கற்பதில் ஒரு பேறு உண்டு. ஆங்கிலச் சொல்லைக் கேட்ட மாணவனுக்கு அதன் பொருள் உடனே புலப்படாது. 'சார்பு' என்றாலோ, ஒன்று மற்றொன்றைச் சார்ந்து நிற்றல் என்பது சொல்லிலேயே விளங்குகின்றது. உலையிலே வைக்கும் நீரின் அளவு அரிசியின் அளவைச் சார்ந்தது. அரிசியைச் சுண்டினால் அளக்கும் தாய், இத்தனை சுண்டுக்கு இத்தனை சுண்டு நீர் என்று கணிக்கும்போது ஒரு சார்பின் பெறுமானத்தையே காண்கின்றாள். இவ்வளவு எளிய செய்தியிலே பிள்ளைகள் ஏன் இடறுகின்றனர்? எம் அநுபவத்தில் ஒன்றைக் கூறுவோம். அதில் எமக்குப் பெருமை இல்லை. ஆயினும் பயன் உண்டு.

நாம் இழைத்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தவணைப் பரீட்சையில், 'சா(ம) = ம² − 3ம + 1 எனின், சா(அ + 1) ஐக் காண்க' என வினவியிருந்தோம். ஒரு மாணவன், சா(அ + 1) என்பதைச் சா(அ) + சா(1) எனப் பிரித்தான். சா(அ) = அ² − 3அ + 1 என்றும், சா(1) = −1 என்றும் கண்டு, இரண்டையும் கூட்டி, அ² − 3அ என விடை எழுதினான். கூட்டலிலோ கழித்தலிலோ ஒரு பிழையும் இல்லை. ஆனால் விடை முற்றிலும் தவறு. சிவப்பு மையினால் ஒரு பெருங் கோடு இழுத்துவிட்டோம்.

விடைத்தாளைப் பெற்றவன் எழுந்து நின்று கேட்டான்: "சேர், 5(அ + 1) என்றால் 5அ + 5 என்று நீங்கள்தானே முன்பு சொல்லித் தந்தீர்கள்? இங்கே மட்டும் ஏன் பிழை?"

வகுப்பிலே சிரிப்பொலி எழுந்தது. மணியடிக்கும் நேரம் ஆதலின், "அது வேறு, இது வேறு, இரு தம்பி" என்று கூறி விட்டுவிட்டோம். அதன்பின் அவன் வகுப்பில் வாய் திறக்கவில்லை. மூன்று வாரங்கள் சென்றபின் அவனுடைய தந்தையார் வந்தார். வாடகைக் கார் ஓட்டிக் குடும்பத்தைக் காப்பவர் அவர். "சேர், இவன் கணக்குப் படிக்க ஏலாதாம். வேற பிரிவுக்கு மாத்திவிடச் சொல்லி நிக்கிறான்" என்றார். குரலிலே குறை கூறுதல் இல்லை, ஏக்கமே இருந்தது.

அன்றிரவு அவன் வினாவை மீண்டும் எண்ணிப் பார்த்தோம். அவன் கேட்டது நியாயமான வினா. எழுத்துக்கும் அடைப்புக்குறிக்கும் இடையே ஒன்றும் இல்லையெனின் அங்கே பெருக்கல் உண்டு என்று அட்சரகணிதத்தின் முதல் நாளிலிருந்து நாமே அவனுக்குக் கற்பித்திருந்தோம். இப்பொழுது அதே உருவத்தை எழுதி, இஃது பெருக்கல் அன்று என்கின்றோம். ஒரே அடைப்புக்குறிக்கு இரு தொழில் உண்டு என்பதை வாய்விட்டுச் சொல்ல மறந்தவர் யார்? நாமே! கற்றதை நம்பிய மாணவன் இடறினான், கற்காதவன் அன்று.

இரு பயணமும் ஒரு பயணமும்

மறுநாள் அவனை ஆசிரியர் அறைக்கு அழைத்தோம். "தம்பி, உன் அப்பாவின் காரில் ஏறினால் அடிப்படைக் கட்டணம் 100 ரூபாய், அதன்மேல் கிலோமீற்றர் ஒன்றுக்கு 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ம கிலோமீற்றர் போனால் எவ்வளவு?" என்றோம். தயக்கமின்றி எழுதினான்: சா(ம) = 80ம + 100.

"ஒருவர் 2 கிலோமீற்றர் போய் இறங்கிவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் அழைத்து 3 கிலோமீற்றர் போனார். மொத்தம் எவ்வளவு?"

சா(2) = 260; சா(3) = 340; இரண்டும் சேர்ந்து 600 ரூபாய்.

"இறங்காமல் ஒரே பயணமாக 5 கிலோமீற்றர் போயிருந்தால்?"

சா(5) = 500 ரூபாய். எழுதியவன் நிமிர்ந்து பார்த்தான். "100 ரூபாய் எங்கே போயிற்று, தம்பி?" என்றோம்.

"இரண்டு தரம் ஏறினால் அந்த நூறு ரூபாயை இரண்டு தரம் கொடுக்கத்தானே வேணும், சேர்" என்றான். சொல்லி முடிக்குமுன்னரே தன் பழைய விடைத்தாளை எடுத்து விரித்துக்கொண்டான். சா(2 + 3) வேறு, சா(2) + சா(3) வேறு என்பதை நாம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெருக்கல் அடைப்புக்குறியைப் பிரிக்கலாம். சார்பின் அடைப்புக்குறியை நம் விருப்பப்படி பிரிக்கலாகாது. காரணம், சார்பு என்பது ஒரு பெருக்கும் எண் அன்று; அஃது ஒரு கட்டளை.

வெற்று ஆசனம்

அன்று தொடக்கம் இப்பாடத்தை நாம் கற்பிக்கும் முறையை மாற்றிக்கொண்டோம். சா(ம) = ம² − 3ம + 1 என எழுதியவுடன், அதன் கீழே ம வை நீக்கிவிட்டு வெறும் அடைப்புக்குறிகளை எழுதச் சொல்கின்றோம்:

சா( ) = ( )² − 3( ) + 1

அடைப்புக்குறி ஒவ்வொன்றும் ஓர் ஆசனம். ம என்பது அந்த ஆசனத்தைக் காத்து நிற்பவரின் பெயர் மாத்திரமே. உரிய விருந்தினர் வந்ததும் அவர் எழுந்து இடங்கொடுப்பார். எவர் வந்தாலும் எல்லா ஆசனங்களிலும் அவரே அமர வேண்டும். அடைப்புக்குறியோடு முழுமையாக அமர வேண்டும். இவ்விரண்டு விதியே இப்பாடத்தின் சாரம்.

சா(−2) ஐக் காண்போம். அடைப்புக்குறியை விட்டெழுதும் மாணவன் −2² எனக் குறித்து −4 என்பான். பின் 3 உக்கும் 2 உக்கும் முன்னுள்ள சய அடையாளங்களுள் ஒன்றை இழந்து −6 என்பான். ஈற்றில் −9 என முடிப்பான். ஆசனத்தில் அமர்த்துபவனோ (−2)² − 3(−2) + 1 என எழுதுவான். 4 + 6 + 1 = 11 என்னும் சரியான விடை தானே வரும். பரீட்சையிலே புள்ளி இழப்போருள் பெரும்பாலோர் கணிதம் அறியாதவர் அல்லர். அடைப்புக்குறியைச் சிக்கனம் செய்தவரே.

இனிச் சா(அ + 1). விருந்தினர் இங்கே இருவராய்த் தோன்றினும் ஒருவரே. (அ + 1)² − 3(அ + 1) + 1. இதனை விரித்தால் அ² + 2அ + 1 − 3அ − 3 + 1. சுருக்கினால் அ² − அ − 1. இவ்விடை சரியோ என ஐயுறும் மாணவன் ஆசிரியரைத் தேடி ஓட வேண்டுவதில்லை. அ வுக்கு 1 எனப் பிரதியிட்டுப் பார்க்கலாம். அப்போது அ + 1 என்பது 2. சா(2) = 4 − 6 + 1 = −1. நாம் கண்ட விடையும் 1 − 1 − 1 = −1. இரண்டும் ஒத்தன. எம் மாணவன் எழுதிய அ² − 3அ என்பதோ −2 தருகின்றது. பிழை அங்கேயே அகப்படுகின்றது. ஓர் எண்ணுக்கு ஒத்துவந்த மாத்திரத்தில் விடை முழுதும் சரியென்று ஆகிவிடாது. ஆனால் ஒவ்வாவிடின் பிழை உண்டு என்பது உறுதி. அரை நிமிடத்திற் செய்யும் இச்சோதனையை வழக்கமாக்கிக்கொள்க.

இன்னும் ஒரு பொறியைக் கவனித்தல் நன்று. 'சா(1) ஐக் காண்க' என்பதும் 'சா(ம) = 1 எனின் ம வைக் காண்க' என்பதும் ஒன்றல்ல. முன்னையதில் ஆசனத்தில் அமர்பவரைத் தந்து பெறுமானத்தைக் கேட்கின்றனர். விடை −1 ஒன்றே. பின்னையதில் பெறுமானத்தைத் தந்து, ஆசனத்தில் அமர்ந்தவர் யார் எனக் கேட்கின்றனர். ம² − 3ம = 0 என ஆகி, 0, 3 என இரு விடைகள் வருகின்றன. ஓர் எண்ணுக்குச் சார்பு ஒரே பெறுமானத்தைத்தான் தரும். ஆனால் ஒரே பெறுமானத்தை இரண்டு எண்கள் பெறத் தடையில்லை.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை

"எங்களுக்குக் கணக்குத் தெரியாதே, எப்படி உதவுவது?" எனப் பெற்றோர் பலர் எம்மிடம் கேட்பதுண்டு. கணிதம் தெரிய வேண்டியதில்லை. பிள்ளை எழுதிய சார்பைக் குறிகளின்றிச் சொற்களால் வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். 'ஓர் எண்ணை எடு, அதனை வர்க்கி, அவ்வெண்ணின் மும்மடங்கைக் கழி, ஒன்றைக் கூட்டு' எனப் பிள்ளை தடையின்றிக் கூறுமாயின் பாடம் விளங்கிவிட்டது. தடுமாறுமாயின் எந்த இடத்தில் தடுமாறியது என்பது பிள்ளைக்கே தெரிந்துவிடும். கேட்டுக்கொண்டிருக்கப் பொறுமை ஒன்றே வேண்டும்.

அப்பொறுமை ஒரு நாள் எம்மிடம் இல்லாமற் போனமையால் ஒரு பிள்ளை தன்னைத் தானே மூடன் என்று முடிவுசெய்ய இருந்தான். அவன் வேறு பிரிவுக்கு மாறவில்லை. வகுப்பில் முதல்வனாகவும் வரவில்லை. ஆனால் மீண்டும் கை உயர்த்தி வினாக் கேட்கத் தொடங்கினான். ஆசிரியருக்கு அதனினும் பெரிய பரிசு வேறில்லை. பிழையான விடை ஒவ்வொன்றின் பின்னாலும் பெரும்பாலும் ஒரு நியாயம் ஒளிந்திருக்கின்றது. சிவப்புக் கோடு இழுக்குமுன் அதனைக் கேட்டறிதல் கற்பிப்போர் கடன்.

மாணவர்க்கு இவ்வாரச் சிந்தனை: வாடகைக் காரின் கட்டணத்தை எவ்வாறு மாற்றி அமைத்தால், எந்த இரண்டு தூரங்களுக்கும் சா(அ + ஆ) என்பது சா(அ) + சா(ஆ) என்பதற்குச் சமமாகவே இருக்கும்? விடையை வரும் ஞாயிறு காண்போம். அதற்குமுன் காரை மனத்திலே ஓட்டிப் பாருங்கள்.