சீருடையைத் துவைக்கவும் பள்ளியில் இடம் வேண்டும்

தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டத்தில் சேர்ந்த பிள்ளைகளுக்கு 8ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 4 செட் சீருடையை அரசு இலவசமாகக் கொடுக்கிறது. 1985இல் ஒரு செட்டுடன் தொடங்கிய திட்டம் இது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் இல்லாத வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரும்போது, உடையைப் பார்த்து ஏழை யார் என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதுதான் சீருடையின் நோக்கம். அந்த நோக்கம் இன்னும் பாதியில்தான் நிற்கிறது. துணி எல்லோருக்கும் ஒன்றுதான். ஒரு பிள்ளையின் சட்டை துவைத்துத் தேய்த்து வருகிறது. பக்கத்துப் பிள்ளையின் சட்டை மூன்று நாள் வியர்வையோடும் காயாத ஈர வாடையோடும் வருகிறது. எல்லோரும் ஒரே நிறத்தில் இருப்பதாலேயே அந்த வேறுபாடு சட்டென்று கண்ணில் படுகிறது. சீருடை கொடுத்த அரசு, அதைத் துவைத்துக் காயவைக்கும் வசதியையும் பள்ளிக்குள்ளேயே ஏற்படுத்த வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் இருக்கும் கூடலூர் அதைத் தொடங்கிப் பார்க்கப் பொருத்தமான ஊர்.

பொருத்தம் என்று சொல்வதற்குக் காரணம் அந்த ஊரின் பிழைப்பு. கூடலூரிலும் கம்பத்திலும் கூலி வேலைக்குப் போகும் பெண்களில் பலர் மலைக்கு மேலே இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களை நம்பியிருக்கிறார்கள். குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் விடியும் முன்பே ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். மற்றவர்களுக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது, முல்லைப்பெரியாற்றுப் பாசனத்தில் நடவும் களையெடுப்பும் இருக்கின்றன. வெயில் இருக்கும் நேரத்தில் வீட்டில் ஆள் இல்லை என்பதே இந்தக் குடும்பங்களின் நிலை. இரவில் ஊறவைத்துத் துவைத்தாலும் காய்வதற்கு வெயில் வேண்டும். ஜூனில் பள்ளி திறக்கும் நேரத்தில் மலையடிவாரத்தில் சாரல் பிடித்துக்கொள்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஓரறை வீட்டில் அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் தொங்கும் சட்டை, காலையில் புகை வாடையோடு ஈரமாகவே உடம்பில் ஏறும். தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு வந்த துணியும் பிள்ளையின் சட்டையும் ஒரே வாளியில் ஊறுவதும் உண்டு. லோயர் கேம்ப் அருகே பளியன்குடியில் வாழும் பளியர் குடும்பங்களைப் போல, காட்டையும் கூலியையும் நம்பியிருப்பவர்களுக்குச் சோப்புத்தூள் வாங்குவதும் யோசித்துச் செய்ய வேண்டிய செலவுதான். இந்தத் தாய்மார்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்வது அநியாயம். அவர்களிடம் இல்லாதவை பகல் பொழுதும், காயவைக்கும் இடமும்.

அழுக்குச் சட்டையோடு வரும் பிள்ளை கடைசி பெஞ்சுக்கு நகர்கிறது. பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பொத்தினால் அடுத்த நாள் வயிற்றுவலி என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறது. வருகைப் பதிவேட்டில் அது ‘விடுப்பு’ என்று மட்டும் பதிவாகும். பெண் பிள்ளைகளுக்கு இந்தச் சுமை இரட்டிப்பு. அரசு 2011இல் அறிவித்த ‘புதுயுகம்’ திட்டத்தின் மூலம் நாப்கின் கிடைக்கிறது. ஆனால் பாவாடையிலோ சுடிதாரிலோ கறை பட்டுவிட்டால் மாற்றுத் துணியும் அலசிக்கொள்ள மறைவான இடமும் பெரும்பாலான பள்ளிகளில் கிடையாது. 2017 ஆகஸ்டில் பாளையங்கோட்டையில் 7ஆம் வகுப்பு மாணவி ஒருவர், மாதவிடாய்க் கறைக்காக வகுப்பில் அவமானப்படுத்தப்பட்டதாகக் கடிதம் எழுதிவைத்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு வயது 12. அந்தச் செய்தி வந்த வாரத்தில் ஆசிரியர்களின் நடத்தையைப் பற்றி நிறையப் பேசினோம். பேசவேண்டியதுதான். ஒரு மாற்றுச் சீருடையும் ஒரு தண்ணீர்க் குழாயும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்க வேண்டும் என்பதையும் அப்போதே பேசியிருக்க வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இலவசச் சீருடை 8ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பிள்ளைகள் வளர்ந்து, வியர்வையும் கூச்சமும் கூடும் 9ஆம் வகுப்பில்தான் குடும்பம் தன் கைக்காசில் சீருடை வாங்க வேண்டிவருகிறது. நான்கு செட் இருந்த பிள்ளைக்கு அந்த ஆண்டு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். துவைப்பது தினசரித் தேவையாவதும் அப்போதுதான்.

பள்ளியில் வாஷிங் மெஷின் வைத்தால் வருகை கூடுமா? இதற்கு அதிகம் எடுத்துக்காட்டப்படுவது அமெரிக்க அனுபவம். மிசௌரி மாநிலத்து செயின்ட் லூயிஸ் நகரப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், துவைத்த துணி இல்லாததால் பிள்ளைகள் வராமல் போவதைக் கவனித்து வேர்ல்பூல் நிறுவனத்தை அணுகினார். 2015-16 கல்வியாண்டில் அந்நகரிலும் கலிபோர்னியாவின் ஃபேர்ஃபீல்டிலுமாக 17 பள்ளிகளில் துவைக்கும் இயந்திரங்களும் உலர்த்தும் இயந்திரங்களும் வைக்கப்பட்டன. கண்காணிக்கப்பட்ட மாணவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானோரின் வருகை உயர்ந்தது, முந்தைய ஆண்டைவிடச் சராசரியாக 6.1 நாள் கூடுதலாக வந்தார்கள் என்று நிறுவனம் அறிவித்தது. இந்த எண்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. சொன்னது வாஷிங் மெஷின் விற்கும் நிறுவனம். அதோடு, ஓராண்டில் மிக அதிகமாக விடுப்பு எடுத்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தால், எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த ஆண்டில் அவர்களின் வருகை ஓரளவு உயரும். இந்த வசதி கிடைக்காத அதே போன்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டால்தான் உண்மையான பயன் தெரியும். இருந்தாலும் அந்த முயற்சியிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. காரணம் தெரியாத விடுப்பு என்று பள்ளி எண்ணியிருந்த பலவற்றுக்குப் பின்னால் துவைக்காத துணி இருந்தது; யாரும் கேட்காததால் எந்தப் பிள்ளையும் சொல்லவில்லை. நம் பள்ளிகளிலும் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

துணி துவைப்பது வீட்டு வேலை, பள்ளியின் வேலை பாடம் நடத்துவது என்பது முதலில் எழும் ஆட்சேபம். இதே வாதம் சோற்றுக்கும் சொல்லப்பட்டது. 1956இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கியபோதும், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தபோதும், பிள்ளைக்குச் சோறு போடுவது பெற்றோர் கடமையல்லவா, இதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டார்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோதும் அந்தக் குரல் கேட்டது. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதை ஒப்புக்கொண்ட சமூகம், வெட்கிக் குறுகி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் பாடம் ஏறாது என்பதை ஒப்புக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. வீட்டுக்கு ஒரு வாஷிங் மெஷின் தருவதாக வாக்குறுதி அளித்தது. துவைப்பது பெண்களின் முதுகை ஒடிக்கும் வேலை என்பதை ஒரு பெரிய கட்சி தேர்தல் அறிக்கையிலேயே ஏற்றுக்கொண்டது அது. என்னைக் கேட்டால், குழாய் இணைப்பும் வைக்க இடமும் இல்லாத ஓரறை வீடுகளுக்குத் தருவதைவிட, அதே தெருப் பிள்ளைகள் எல்லோரும் வரும் பள்ளிக்கு இரண்டு தருவது அதிகம் பயன்படும்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம், பள்ளியில் துணி கொடுக்கும் பிள்ளைக்கு ‘அழுக்கு’ என்ற பட்டம் விழுந்துவிடும் என்பது. அந்த அச்சம் நியாயமானது. பெயர்ப் பட்டியல் ஒட்டி, பிரார்த்தனைக் கூட்டத்தில் பெயர் சொல்லி அழைத்தால் இந்தத் திட்டம் நன்மையைவிடத் தீமையே செய்யும். எல்லோருக்கும் பொதுவானதாக வைப்பதுதான் வழி. விளையாட்டுப் பாடவேளை முடிந்து புழுதியோடு வரும் எந்த மாணவரும் பயன்படுத்தலாம். சாரண இயக்கம், நாட்டு நலப்பணித் திட்டத்தின் துணிகளும் அங்கேயே துவைக்கப்படும். பள்ளியில் எல்லா அளவிலும் மாற்றுச் சீருடை இருக்க வேண்டும். காலையில் வந்ததும் மாற்றிக்கொண்டு தன் துணியைப் பையில் போட்டுக் கொடுக்கும் பிள்ளை, மாலையில் அதைக் காய்ந்த நிலையில் வாங்கிக்கொண்டு போகலாம். சீருடை என்பதால், யார் மாற்றுத் துணியில் இருக்கிறார்கள் என்று வகுப்பில் தெரியப்போவதில்லை. ஒரே மாதிரி உடை என்பது இங்கே பிள்ளைக்குத் துணையாக நிற்கிறது.

யார் துவைப்பது என்ற கேள்வியைத் தமிழ்நாட்டில் மேலோட்டமாகக் கடந்துபோக முடியாது. துணி வெளுப்பதை ஒரு சாதியின் தலையில் கட்டி, அதிலும் மாதவிடாய்த் துணியைப் புதிரை வண்ணார்களின் கையில் திணித்த சமூகம் இது. பள்ளிக் கழிப்பறையைச் சுத்தம் செய்யக் குறிப்பிட்ட பிள்ளைகளையே ஏவிய செய்திகளும் மாநிலத்தின் பல பகுதிகளிலிருந்து வந்திருக்கின்றன. ஆகவே விதி கண்டிப்பாக இருக்க வேண்டும்: எந்தப் பிள்ளையும் இன்னொரு பிள்ளையின் துணியைத் துவைக்கக் கூடாது. தூய்மைப் பணியாளரின் தலையில் சம்பளமில்லாக் கூடுதல் வேலையாகவும் இது விழக் கூடாது. மேல் வகுப்பு மாணவர்கள், ஆணும் பெண்ணுமாக, தத்தம் துணியைத் தாங்களே போட்டு எடுக்கப் பழகட்டும். அது நல்ல பயிற்சியும்கூட. கீழ் வகுப்புகளுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் பகுதிநேரப் பணியாளர் ஒருவரை ஊதியத்துடன் அமர்த்தலாம். ஆசிரியர்களிடம் இதை ஒப்படைக்கவே கூடாது; பதிவேடுகளும் செயலிகளும் ஏற்கெனவே அவர்கள் நேரத்தைத் தின்கின்றன.

கழிப்பறையே சரியில்லாத பள்ளியில் வாஷிங் மெஷினா என்று கேட்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. தண்ணீர் வராத பள்ளிக்கு முதலில் தண்ணீர்தான் வர வேண்டும். ஆனால் இரண்டுக்கும் வேண்டியவை ஒரே மேல்நிலைத் தொட்டியும் ஒரே வடிகாலும். சேர்த்துத் திட்டமிட்டால் செலவு குறையும். லோயர் கேம்ப்பிலிருந்து மதுரை மாநகருக்குக் குழாய் வழியே முல்லைப்பெரியாற்று நீரைக் கொண்டுபோக ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்ட அரசு, அதே ஆற்றங்கரைப் பள்ளிகளுக்குத் தண்ணீர்ப் பற்றாக்குறையைக் காரணமாகக் காட்ட முடியாது. தேவையும் பெரிதல்ல. ஒரு செட் சீருடை அரைக் கிலோவைத் தாண்டாது. 7 கிலோ இயந்திரத்தில் ஒரு முறைக்குப் பன்னிரண்டு செட்டாவது போடலாம். கணக்கிட்டால் ஒரு செட்டுக்கு ஒரு வாளித் தண்ணீர்கூட ஆகாது. அழுத்தம் குறைந்த குழாயும் மின்வெட்டும் உள்ள இடங்களுக்கு இரண்டு தொட்டி கொண்ட செமி ஆட்டோமேட்டிக் போதும். விலை குறைவு, உள்ளூர் மெக்கானிக்கே பழுது பார்ப்பார். இந்த ஊருக்கு அதில் முக்கியம் துவைக்கும் தொட்டியைவிடப் பிழியும் தொட்டிதான். அதில் சுற்றிய துணி, மேலே தகரக் கூரையும் பக்கங்களில் கம்பி வலையும் போட்ட காற்றோட்டமான கொட்டகையில் மழை நாளிலும் மாலைக்குள் பெரும்பாலும் உலர்ந்துவிடும். அமெரிக்கப் பள்ளிகளின் மின் உலர்த்தி நமக்குத் தேவையில்லை. அது மின்கட்டணத்தை ஏற்றிவிடும்.

பணத்துக்கு ஒன்றிய அரசின் சமக்ர சிக்ஷா பள்ளி மானியத்தைக் காட்டலாம். 250க்கு மேல் 1,000 வரை மாணவர்கள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு ரூ.75,000 என்பதும், அதில் 10 சதவீதமாவது தூய்மைக்குச் செலவிட வேண்டும் என்பதும் அதன் விதி. ஆனால் ஒன்றிய அரசின் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு சேராத பிரச்சினையில் 2024-25ஆம் ஆண்டுக்கான ரூ.2,152 கோடி தமிழ்நாட்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டதைப் பார்த்த பிறகு, அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. நகராட்சி சொத்து வரியோடு கல்வி வரியையும் வசூலிக்கிறது. கொட்டகையும் குழாயும் அந்த நிதியில் அமையலாம். இயந்திரத்துக்கு ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தில் முன்னாள் மாணவர்களைக் கேட்கலாம். பணியாளரின் ஊதியத்தை மட்டும் மாநில அரசே ஏற்க வேண்டும். நன்கொடையில் வந்த இயந்திரங்கள் இயக்க ஆள் இல்லாமல் மூலையில் துருப்பிடிப்பதற்கு, அந்த ஊதியத்துக்கு வழியில்லாததுதான் காரணம். 2025 ஜூலையில் ‘சமூகநீதி விடுதிகள்’ என்று பெயர் மாற்றப்பட்ட அரசு விடுதிகளில் ஏறத்தாழ 1.79 லட்சம் மாணவர்கள் தங்கியிருக்கிறார்கள். வீட்டை விட்டு வந்த அந்தப் பிள்ளைகளுக்கு இந்த வசதி தருவது பற்றி விவாதமே தேவையில்லை.

பகல்நேரப் பள்ளிகளுக்கு எடுத்த எடுப்பில் மாநிலம் முழுவதற்கும் அரசாணை போட வேண்டாம். கூடலூர், லோயர் கேம்ப், கம்பம் பகுதிகளில் நான்கைந்து அரசுப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து ஓராண்டு நடத்திப் பார்க்கலாம். அதே பகுதியில் இந்த வசதி இல்லாத பள்ளிகளின் வருகையோடு ஒப்பிட்டால், அமெரிக்க முயற்சியில் விடுபட்டுப்போன ஒப்பீடு நமக்குக் கிடைத்துவிடும். அன்றாட வருகைப் பதிவு எல்லாப் பள்ளிகளிலும் கணினியில் ஏறிக்கொண்டிருப்பதால் இதற்குத் தனியாக ஆய்வுக்குழுகூட வேண்டாம். 9, 10ஆம் வகுப்பு மாணவிகளின் வருகையையும், மழை மாதங்களின் வருகையையும் தனியாகப் பார்க்க வேண்டும். பயன் இருந்தால் முதலில் தெரிவது அங்கேதான். அதனால் கொட்டகை வேலையும் குழாய் இணைப்பும் செப்டம்பருக்குள் முடிந்து, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் இயந்திரங்கள் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். துணி தானாகக் காயும் கோடையில் தொடங்கினால், இந்தத் திட்டம் தேவையா இல்லையா என்பதை அந்த ஆண்டின் கணக்கு சொல்லாது.