தேசிங்கின் குதிரையும் நம் பிள்ளைகளும்

செஞ்சிக் கோட்டைக்குச் சுற்றுலா சென்று திரும்பிய மக்தப் மாணவன் ஒருவன் நம்மிடம் கேட்டான்: "ஹஜ்ரத், தேசிங்கு ராஜாவின் குதிரை வானத்தில் பறந்ததாமே, அது புராக் மாதிரியா?" உடன் நின்ற தந்தையின் முகம் மாறிவிட்டது. "இதற்காகத்தான் இந்தக் கதையெல்லாம் நமக்கு வேண்டாம் என்கிறேன்" என்றார்.

அவருடைய அச்சம் நியாயமானதே. இஸ்ரா, மிஃராஜ் நம் ஈமானைச் சார்ந்தவை. புராக் கழுதையைவிடப் பெரியது, கோவேறு கழுதையைவிடச் சிறியது, வெண்ணிறமானது என்று ஹதீஸில் வந்துள்ளது. அது குதிரையே அன்று. தேசிங்கின் குதிரை பறந்தது பாடகர்களின் கற்பனை. இந்த வேறுபாட்டை அந்த மாணவனுக்கு ஐந்து நிமிடத்தில் விளக்கினோம், அவனும் புரிந்துகொண்டான். கதையையே கேட்கக் கூடாது என்று தடுக்க நமக்கு மனம் வரவில்லை. வல்லத்தில் வாழும் நாம் அந்தக் கோட்டையைப் பாராமல் வாழ்ந்துவிட முடியுமா? அன்றியும், அக்கதையின் நடுவே நிற்பவர்களில் ஒருவர் முஸ்லிம்.

கதையின் உலகம் விந்தைகள் நிறைந்தது. எவராலும் அடக்க முடியாத தில்லி பாதுஷாவின் குதிரையைச் சிறுவன் தேசிங்கு அடக்குகிறான். சிறைப்பட்ட தந்தையை மீட்கிறான். போருக்கு விடைபெறச் சென்றபோது சிங்கவரம் அரங்கநாதர் தலையைத் திருப்பிக்கொண்டார் என்பார்கள். அது நம் நம்பிக்கையன்று என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு மேலே செல்லலாம்.

வரலாறு இத்தனை வண்ணமுடையதன்று. 1698இல் முகலாயப் படை செஞ்சியை மராட்டியரிடமிருந்து கைப்பற்றியது. பின்னர் ஔரங்கசீப்பின் கீழ்க் கோட்டையை ஆண்ட புந்தேலா ராஜபுத்திரர் சொரூப்சிங் 1714இல் இறந்தார். வரி நிலுவை பெருகிக் கிடந்தது. ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லா கான் அதைக் கேட்டார். மகன் தேஜ்சிங் மறுத்தார். 1714 அக்டோபர் 3ஆம் நாள், சில நூறு குதிரை வீரர்களுடன் பெரும்படையை எதிர்த்து, இருபதைச் சற்றே கடந்த வயதில் அவர் மடிந்தார். தேஜ்சிங் என்ற பெயரே மக்கள் நாவில் தேசிங்கு ஆயிற்று. நிலுவை கேட்ட நவாபைக் கதை கொடியவராக்கிவிட்டது. கேட்டது அரசின் பாக்கி என்பதையும் பிள்ளைகள் அறியட்டும்.

தேசிங்கின் தோழர் மோவத்கானுக்குத் திருமணம் நடந்துகொண்டிருந்த வேளையில் போர்ச் செய்தி வருகிறது. அவர் மணக்கோலத்தைக் களைந்து நீலவேணி என்னும் குதிரையில் ஏறுகிறார். நண்பருக்கு முன்பே களத்தில் வீழ்கிறார். எதிரே நின்றவர் முஸ்லிம் நவாப், துணைநின்றது இந்து நண்பனுக்கு. இதைச் சமயப் போராக்க முயல்வோர் எப்பக்கத்தவராயினும் மோவத்கான் என்ற ஒரு மனிதரைத் தாண்டிச் செல்ல முடியாது. 1960இல் வந்த 'ராஜா தேசிங்கு' படத்தில் தேசிங்காகவும் தாவூத்கானாகவும் எம்.ஜி.ஆர். ஒருவரே நடித்தார். 

எனினும் நமக்கு இக்கதையில் ஒரு மனத்தாங்கல் உண்டு. மணவாளன் எழுந்து போனபின் அந்த மணமகள் என்ன ஆனாள்? நாம் கேட்ட கதையில் அவளுக்குப் பெயர்கூட இல்லை. தேசிங்கின் மனைவி தீயில் இறங்கியதை மட்டும் புகழ்ந்து பேசுவார்கள். உயிரை மாய்த்துக்கொள்வதை நாம் புகழ இயலாது. அந்த மாணவனுக்கு ஹன்ழலா (ரலியல்லாஹு அன்ஹு) அவர்களின் நிகழ்ச்சியைச் சொன்னோம். மணம் முடித்த மறுநாளே உஹதுக் களம் சென்று ஷஹீதானவர் அவர். மலக்குகள் குளிப்பாட்டியவர் என்று போற்றப்படுபவர். அவர்கள் சென்றது அல்லாஹ்வின் பாதையில், நபி (ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்) அவர்களுடன். மோவத்கான் சென்றது நண்பனுக்காக. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் ஹன்ழலாவின் மனைவி ஜமீலா அவர்களின் பெயரை நம் வரலாறு மறக்கவில்லை. அவர் ஈன்ற மகன் அப்துல்லாஹ் பின்னாளில் மதீனா மக்களின் தலைவராய் நின்று ஹர்ராவில் ஷஹீதானார். கைவிடப்பட்ட மணமகளைப் பற்றி ஒருவரும் கேட்காத கதையில் ஏதோ குறை இருக்கிறது என்றோம். மாணவன் சற்று நேரம் பேசவில்லை. தந்தைதான், "ஆமாம் ஹஜ்ரத், நானும் இத்தனை வருடம் கேட்டதில்லை" என்றார்.

கோட்டைக்குள் சஆதத்துல்லா கான் பெயரால் 1717-18இல் எழுந்த பள்ளிவாசல் இன்றும் உள்ளது. நீலாம்பூண்டியில் மோவத்கானின் கபுர் என்றும் அவருடைய குதிரையின் சமாதி என்றும் ஊரார் சில இடங்களைக் காட்டுகிறார்கள். அடுத்த விடுமுறையில் மகனை இரண்டுக்கும் அழைத்துச் செல்லலாமா என்று அந்தத் தந்தை கேட்டார். தாராளமாகச் செல்லுங்கள் என்றோம். கபுரில் ஸலாம் சொல்லி துஆச் செய்யுங்கள், கபுரிடம் எதையும் கேட்காதீர்கள், குதிரையிடம் வேண்டவே வேண்டாம் என்றோம். சிரித்துக்கொண்டே மகனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.