அக்காவோட லேப்டாப்பும் அப்பாவோட போனும்

எங்க வீட்டு பீரோ மேல ஒரு லேப்டாப் இருக்கு. பேட்டரி செத்து பல வருஷம் ஆச்சு. சார்ஜர் ஒயரை ஒரு மாதிரி வளைச்சு, அது மேல ஒரு பழைய கெமிஸ்ட்ரி புக்கை வெச்சா தான் உயிர் வரும். மூடியில ஜெயலலிதா படம். ஆமாங்க, அதே தான். அரசாங்கம் குடுத்த இலவச லேப்டாப். அக்கா ஆவடி பக்கம் ஒரு அரசுப் பள்ளியில பிளஸ் டூ படிச்சப்போ வாங்கினது.

போன வாரம் காலேஜ் கேன்டீன்ல பேச்சு எப்படியோ இந்த லேப்டாப் பக்கம் திரும்புச்சு. ஒருத்தன் சொன்னான், "அதெல்லாம் வேஸ்ட் மச்சி. பாதி பேர் படம் பாத்தான், மீதி பேர் வித்துட்டான்." எல்லாரும் சிரிச்சாங்க. நானும் லேசா சிரிச்சேன். (எனக்கு எப்பவுமே நல்ல பதில் எல்லாம் ட்ரெயின்ல வீட்டுக்கு வரும்போது தான் தோணும். அம்பத்தூர் வர்றதுக்குள்ள மனசுக்குள்ள ஜெயிச்சுடுவேன் :) ) அன்னிக்கு சொல்லாம விட்டதை இப்போ சொல்லிடறேன்.

முதல்ல கொஞ்சம் வரலாறு. இந்தத் திட்டம் ஆரம்பிச்சது நம்ம ஏரியாவுல தான், நிறைய பேருக்குத் தெரியாது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள், இடம் திருவள்ளூர் பக்கத்துல காக்களூர். அம்பத்தூர்ல ட்ரெயின் ஏறினா முக்கால் மணி நேரத்துல திருவள்ளூர். முதல் வருஷத்துக்கே 9 லட்சம் லேப்டாப்புக்கு மேல திட்டம் போட்டாங்க. வாங்கித் தர்ற பொறுப்பு எல்காட் நிறுவனத்துக்கு. அந்தப் பத்து வருஷம் முடியறதுக்குள்ள 50 லட்சத்துக்கும் மேல குடுத்தாச்சு. சின்ன விஷயம் இல்லை.

இப்போ குற்றச்சாட்டுக்கு வருவோம்.

படம் பாத்தாங்களா? பாத்தாங்க. எங்க அக்காவும் பாத்தா. பென் டிரைவ் தெரு முழுக்க சுத்தும். அது எங்க வீட்டுக்கு வரும்போது ஏழு படமும் பதினாலு வைரஸும் இருக்கும். அந்த வைரஸ்ல தான் கதையே ஆரம்பம். ஒரு நாள் லேப்டாப் ஆன் ஆகி அப்படியே நின்னுடுச்சு. கடையில கேட்டா ஐநூறு ரூபாய். அப்பா எஸ்டேட்ல லேத் பட்டறையில வேலை பாக்கறவர், ஐநூறுன்னா அவர் முகமே மாறிடும். அக்கா அவரைக் கேக்கவே இல்லை. ஃப்ரெண்ட் கிட்ட விண்டோஸ் சிடி வாங்கி, ரெண்டு தடவை தப்பா போட்டு, இருந்த போட்டோ எல்லாம் போய், அழுது, மூணாவது தடவை சரி பண்ணிட்டா. அதுல கூடவே பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. சி-டாக் பண்ணினது. முதல் தடவை தெரியாம அதுல நுழைஞ்சுட்டு, "டேய், யாரோ நம்ம கம்ப்யூட்டரை மாத்திட்டாங்கடா"ன்னு என்னைக் கூப்பிட்டா. :))

இதை எந்த டீச்சரும் சொல்லித் தரல. படம் பாக்கறதுக்காக அந்த மெஷினைக் காப்பாத்தப் போய் தான் கத்துக்கிட்டா. இன்னிக்கு அவ அதே எஸ்டேட்ல, அப்பா பட்டறைக்கு ரெண்டு தெரு தள்ளி, ஒரு மெடிக்கல் பில்லிங் ஆபீஸ்ல வேலை பாக்கறா. இன்டர்வியூவுல கேட்டது டைப்பிங் ஸ்பீடும் எக்ஸெலும் தான். ரெண்டுமே பீரோ மேல இருக்கற அந்த டப்பா குடுத்தது.

இப்போ என் கதை. 2020 மார்ச்ல ஸ்கூல் மூடினப்போ நான் ஒன்பதாவது. பத்தாவது முக்கால்வாசி வீட்டுலயே போச்சு. பாடம் எல்லாம் வாட்ஸ்அப்ல வரும், மீதி கல்வி தொலைக்காட்சி. வீட்டுல ஸ்மார்ட்போன் ஒண்ணு தான், அது அப்பாவோடது. அவர் வேலைக்குப் போனா போனும் போயிடும். ராத்திரி எட்டு மணிக்கு அவர் வந்ததும் நான் போனைப் பிடுங்கி, காலையில வந்த கணக்குப் பாடத்தைப் பாப்பேன். நடுவுல சூப்பர்வைசர் கால் வரும், ஈக்குவேஷன் அப்படியே நிக்கும். அக்கா லேப்டாப் மட்டும் இல்லேன்னா நான் அந்த வருஷம் ஒண்ணும் படிச்சிருக்க மாட்டேன். அப்பா போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு எல்லாத்தையும் அதுல இறக்கி வெச்சுட்டு, மறுநாள் பகல்ல பாப்பேன். அப்புறம் பப்ளிக் எக்ஸாமே இல்லாம ஆல் பாஸ் போட்டாங்க, அது தனிக் கதை.

இங்க தான் எனக்கு வயித்தெரிச்சல். ஒவ்வொரு வீட்டுக்கும் கம்ப்யூட்டர் தேவைப்பட்ட அதே நேரத்துல தான் இந்தத் திட்டம் நின்னு போச்சு. நான் 2023ல பிளஸ் டூ முடிச்சேன். எங்க செட்ல ஒருத்தருக்கும் கிடைக்கல. 2021 ஆரம்பத்துல காலேஜ் பசங்களுக்கு தினம் 2 ஜிபி டேட்டா கார்டு குடுத்தாங்க. நல்லது தான். ஆனா லேப்டாப் இல்லாத பையன் அந்தக் கார்டை எதுல போடுவான்? அப்பா போன்ல தான்!

"இப்போ தான் எல்லார் கையிலயும் போன் இருக்கே"ன்னு கேக்கறீங்களா? காலேஜ் முதல் வருஷம் எங்க லேப்ல நடந்ததைச் சொல்றேன். போன்ல பத்து நிமிஷத்துல அட்டகாசமா வீடியோ எடிட் பண்ற பையன், கீபோர்டுல ஒரு எழுத்தைத் தேடி அரை நிமிஷம் உக்காந்திருந்தான். இன்னொருத்தி ப்ரோக்ராம் முழுக்க அடிச்சு சேவ் பண்ணிட்டா, ஆனா எங்க சேவ் ஆச்சுன்னு தெரியல. ஃபோல்டர்னு ஒண்ணு இருக்கறதே அவளுக்குத் தெரியாது. அவ மேல தப்பு இல்லைங்க. போன் அதை எல்லாம் நம்ம கண்ணுல காட்டாது. மத்தவங்க செஞ்சதைப் பாக்கறதுக்கு போன் சௌகரியம். நாமளே உக்காந்து ஒண்ணைச் செய்யணும்னா கீபோர்டு வேணும். இது என் கருத்து. மாத்துக் கருத்து இருந்தா சண்டைக்கு ரெடி.

சரி, வித்தவங்க? எங்க தெருவுலயே ஒரு அண்ணன் வித்தார். காலேஜ் அட்மிஷனுக்குக் கடைசி நாள், கொஞ்சம் பணம் குறைஞ்சுது. லேப்டாப்பை வித்து ஃபீஸ் கட்டினார். இப்போ நல்லா இருக்கார். இதை ஊழல்னு சொல்லணுமா, உதவின்னு சொல்லணுமா? எனக்கு ரெண்டாவது தான் சரின்னு படுது. சும்மா வித்தவங்களும் இருப்பாங்க, இல்லைன்னு சொல்லல. அதுக்காக 50 லட்சம் பேரையும் ஒரே வரியில வேஸ்ட்னு சொல்லிடலாமா? அந்த கேன்டீன் நண்பன் வீட்டுல அவன் அஞ்சாவது படிக்கும்போதே கம்ப்யூட்டர் இருந்துச்சு. அவனும் அதுல கேம் தான் ஆடினான். அதை யாரும் வேஸ்ட்னு சொல்லல.

2025-26 பட்ஜெட்ல, ரெண்டு வருஷத்துல 20 லட்சம் காலேஜ் மாணவர்களுக்குக் குடுக்கறதா அறிவிச்சாங்க. சந்தோஷம். ஆனா என்னைக் கேட்டா, இதைக் குடுக்க வேண்டிய இடம் பிளஸ் ஒன். கெடுத்து, அழுது, திருப்பி சரி பண்றதுக்கு டைம் இருக்கற வயசு அது தான். காலேஜ் முடியற நேரத்துல கையில வந்தா ரெஸ்யூம் அடிக்கத் தான் உதவும். பட்டாபிராம்ல 2024ல டைடல் பார்க் திறந்தாச்சு, 21 மாடி. ட்ரெயின்லயே தெரியும். அது உள்ள போய் உக்காரப் போறது யாரு? சுத்தி இருக்கற அரசுப் பள்ளிப் பசங்களா, இல்ல வேற ஊர்ல இருந்து வர்றவங்களா? பதினாறு வயசுல யார் கையில கீபோர்டு இருந்துச்சோ, அவங்க தான்னு நான் நினைக்கறேன்.

நேத்து அம்மா பீரோ மேல தூசி தட்டும்போது, "இந்த டப்பாவைப் பழைய இரும்புக்குப் போட்டுடவா?"ன்னு கேட்டாங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டுத் தூங்கிட்டிருந்த அக்கா எழுந்து உக்காந்துட்டா. "அதைத் தொடாதம்மா"ன்னு ஒரே சத்தம். அப்புறம் திரும்பப் படுத்துத் தூங்கிட்டா.

கேன்டீன்ல நான் சொல்ல நினைச்சது இவ்வளவு தான். நீங்க உங்க லேப்டாப்பை என்ன பண்ணீங்க? படம் பாத்திருந்தா தைரியமா சொல்லுங்க :)